கேட்கப்படாதவர்களின் தாயகம்

தாயகம் என்னும் சொல்லை உரிமை முழக்கமாகக் கொள்ளும் ஒவ்வோர் இயக்கமும் ஒரு கேள்விக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளது. அத்தாயகத்தின் எல்லைக்குள், எண்ணிக்கையில் சிறியதாயினும் தன்னைப் போலவே மண்ணில் வேரூன்றிய மற்றொரு மக்கட்கூட்டம் வாழுமாயின், அதன் சம்மதத்தை யார் கேட்பது? பெரும்பான்மையின் ஆதிக்கத்தை எதிர்த்து எழுந்தவர்கள், தம் வீட்டிற்குள்ளேயே தம்மினும் சிறியோர் இருக்கக் கண்டால் அவர்களை எவ்வாறு நடத்த வேண்டும்? பிறருக்கு இது ஏட்டுக் கேள்வியாக இருக்கலாம். தமிழ் பேசும் முஸ்லிம்களாகிய நமக்கோ இது உறவினர் வீட்டுக் கேள்வி.

சென்னைவாசிகளுக்கு இக்கேள்வியோடு தனித் தொடர்பும் உண்டு. தியாகராய நகர்ப் பாண்டி பஜாரில் 1982 மே 19 அன்று பிரபாகரனும் உமா மகேசுவரனும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டபோதுதான், புடவைக்கும் பாத்திரத்திற்கும் கடை ஏறி இறங்கிய மக்கள் பலர் ஈழப் போராளிகளைப் பற்றி முதன்முதலாக அறிந்தனர். அடுத்த ஆண்டு ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. 1983 ஆகஸ்ட் 2 அன்று தமிழகம் முழுவதும் கடையடைப்பு நடந்தது. அதன்பின் சில ஆண்டுகள் அடையாறும் கோடம்பாக்கமும் ஈழ இயக்கங்களின் அலுவலகங்கள் நிறைந்த பகுதிகளாயின. பறிமுதல் செய்யப்பட்ட செய்தித் தொடர்புக் கருவிகளைத் திருப்பித் தரக் கோரி 1986 நவம்பரில் பிரபாகரன் உண்ணாவிரதம் இருந்தது அடையாறு இந்திரா நகரில்தான். மயிலை மாங்கொல்லையிலும் பிற திடல்களிலும் யாழ்ப்பாணத்தின் பெயர் உருக்கத்தோடு ஒலித்தது. அந்த உருக்கம் பொய்யன்று. அந்தத் துயரத்தில் நம் சமுதாயமும் கலந்தே நின்றது. ஆனால் 1983 ஜூலையைப் பற்றி இந்நகரத்து மேடைகளில் கேட்ட அளவில் நூற்றில் ஒரு பங்குகூட 1990 அக்டோபரைப் பற்றி நாம் கேட்டதில்லை.

அந்த அக்டோபரில் நடந்ததை இளைய தலைமுறைக்காகச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. இலங்கையின் வட மாகாணத்தில் யாழ்ப்பாணம், கிளிநொச்சி, மன்னார், வவுனியா, முல்லைத்தீவு என ஐந்து மாவட்டங்கள். அவற்றில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த ஊர்களிலிருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் இரண்டு வார காலத்திற்குள் வெளியேற்றப்பட்டனர். மாதத்தின் நடுவில் சாவகச்சேரியில் தொடங்கிய வெளியேற்றம் மன்னாருக்கும் முல்லைத்தீவுக்கும் பரவியது. எருக்கலம்பிட்டி முதலிய மன்னார்த் தீவு ஊர்களின் மக்கள் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினர். யாழ்ப்பாண நகரத்தின் முறை அக்டோபர் 30 அன்று வந்தது. சோனகத் தெருவாசிகள் ஒஸ்மானியாக் கல்லூரிப் பக்கத்துத் திடலில் கூட்டப்பட்டனர். இரண்டு மணி நேரத்திற்குள் ஊரை விட்டுப் போய்விட வேண்டும் என்பது கட்டளை. கையில் சில நூறு ரூபாயும் மாற்றுடையும் மட்டுமே அனுமதி. வழியில் சோதனை; பெண்களின் காதிலும் கழுத்திலும் இருந்த நகைகளும் கழற்றப்பட்டன. பெரும்பாலோர் சென்று ஒதுங்கிய இடம் புத்தளம். அங்குத் தென்னோலைக் குடிசைகளில் தொடங்கிய அகதி வாழ்வு இருபது ஆண்டுகளையும் கடந்து நீண்டது.

போனவர்கள் நேற்று வந்து குடியேறியவர்களா? வண்ணார்பண்ணையிலும் சோனகத் தெருவிலும் தலைமுறை தலைமுறையாகத் தைத்தும், இரும்பும் இறைச்சியும் விற்றும் வாழ்ந்தவர்கள் அவர்கள். முகியித்தீன் புராணம் பாடிய பதுறுத்தீன் புலவர் யாழ்ப்பாணத்தார். இலங்கை முஸ்லிம்களுள் சிவில் சர்வீசில் முதன்முதல் தேர்வு பெற்றவரும், கொழும்பு ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராய்ப் புகழ்பெற்றவருமான அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் பிறந்த மண்ணும் அதுவே. அம்மக்களின் தாலாட்டும் தமிழ், சண்டையும் தமிழ். மொழியே தேசத்தின் உயிர் என்றால் அந்த உயிர் அவர்களிடம் குறைவாகவா இருந்தது?

வெளியேற்றத்திற்குக் காரணம் கூறப்பட்டது. அக்காலத்தில் கிழக்கு மாகாணம் பற்றி எரிந்துகொண்டிருந்தது. 1990 ஆகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் இஷாத் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரைப் புலிகள் சுட்டுக் கொன்றனர். அதே மாதத்தில் வீரமுனை முதலிய தமிழ் ஊர்களில் முஸ்லிம் ஊர்காவற்படையினர் தமிழரைக் கொன்றனர். இதை நாம் மறைத்துப் பேசினால் நம் பேச்சுக்கு எடையில்லை. அந்தப் பகை வடக்குக்கும் பரவிவிடும், முஸ்லிம்கள் இராணுவத்திற்கு உளவு சொல்வார்கள் என்ற ஐயமே காரணமாகக் காட்டப்பட்டது. கிழக்கில் ஒருவன் செய்த கொலைக்கு வடக்கில் மற்றொருவன் வீட்டைப் பறிப்பது எந்த நீதி நூலில் உள்ளது? சோனகத் தெருவிலிருந்த கைக்குழந்தையும் உளவாளியோ? 1983இல் கொழும்புக் காடையர்கள் கையாண்ட தர்க்கமும் இதுவேயன்றோ: வடக்கில் சிப்பாய்கள் இறந்தார்கள், ஆகவே வெள்ளவத்தையில் தமிழன் வீடு எரியட்டும்!

இந்த அநீதியின் வேர் போர்க்காலத்து வெறி மட்டுமன்று. அதற்கு முன்பே ஊன்றிய ஒன்று என்பது நம் எண்ணம். அதை விளங்கிக்கொள்ள ஒரு நூற்றாண்டு பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1888ஆம் ஆண்டு சர் பொன்னம்பலம் இராமநாதன் இலங்கைச் சோனகரின் இனவரலாறு குறித்து ஒரு கட்டுரை எழுதினார். மொழியாலும் வழக்கத்தாலும் சோனகர் தமிழரே, மார்க்கம் மட்டுமே வேறு என்பது அதன் சாரம். சட்ட நிரூபண சபையில் முஸ்லிம்களுக்குத் தனி இடம் தரலாமா என்ற பேச்சு அப்போது எழுந்திருந்தது. ‘நீங்கள் நாங்களே, ஆகவே உங்களுக்குத் தனிக் குரல் தேவையில்லை’ என்றே சோனகர் செவிகளில் அந்தக் கட்டுரை ஒலித்தது. மறு ஆண்டே எம். ஸி. அப்துல் ரஹ்மான் அச்சபைக்கு நியமிக்கப்பட்டார். 1907இல் ஐ. எல். எம். அப்துல் அஸீஸ் ஒரு மறுப்பு நூல் வெளியிட்டு, தம்மவரின் மூதாதையர் அரபு வணிகர் என்று வாதாடினார்.

நூற்றிரண்டு ஆண்டுகள் கழித்து, ‘நீங்கள் நாங்கள் அல்லர்; ஆகவே போய்விடுங்கள்’ என்று சொல்லப்பட்டது. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் நேர் எதிர். இராமநாதன் பேனாவால் வாதிட்டவர். துப்பாக்கி ஏந்தியவர்களோடு அவரை ஒரு தட்டில் வைப்பது முறையாகாது. ஆயினும் இரண்டு கூற்றுகளுக்கும் அடித்தளம் ஒன்றே. சோனகர் யார் என்பதைச் சோனகரைக் கேளாமலே பிறர் தீர்மானித்தனர். ஒருவரை அவர் சம்மதமின்றித் தம்முள் சேர்த்துக்கொள்ளும் அதிகாரம் தமக்கு உண்டென்று கருதுவோர், வேண்டாதபோது அவரைத் தள்ளிவிடும் அதிகாரமும் தமக்கே உண்டென்று எளிதில் கருதிவிடுவர்.

இக்கேள்வியை இலங்கையோடு நிறுத்திக்கொண்டால், கட்சி சார்ந்து பேசுகிறோம் என்று சிலர் எண்ணக்கூடும். துப்பாக்கி இல்லாத ஒரு நாட்டிலும் இதே கேள்வி எழுந்ததைக் காண்போம். கனடாவின் கியூபெக் மாகாணத்தார் பிரெஞ்சு மொழி பேசுவோர். ஆங்கிலக் கடலில் தம் மொழி மூழ்கிவிடுமோ என்ற அச்சம் அவர்களுக்கு நியாயமாகவே உண்டு. மொழிக்காகப் போராடிய தமிழருக்கு அந்த அச்சத்தை விளக்க வேண்டியதில்லை. அங்குப் பிரிவினை கோரிய இயக்கம் 1995 அக்டோபர் 30 அன்று பொதுவாக்கெடுப்பு நடத்தியது. பிரிவினைக்கு ஆதரவாக 49.42 விழுக்காடு, எதிராக 50.58 விழுக்காடு. மயிரிழையில் கனடா ஒன்றாக நின்றது.

ஆனால் அந்த மாகாணத்தின் வடபகுதி முழுவதும் கிரீ, இனூயிட் என்னும் பூர்வகுடிகளின் வேட்டை நிலமும் மீன்பிடி நீர்நிலைகளுமாகும். 1898இலும் 1912இலும் அந்நிலங்களைக் கனடா அரசு கியூபெக்கோடு சேர்த்தபோது அவர்களை யாரும் கேட்கவில்லை. 1971இல் ஜேம்ஸ் விரிகுடாவில் மாபெரும் நீர்மின் திட்டத்தை முதல்வர் ராபர்ட் பூராசா அறிவித்தபோதும் கேட்கவில்லை. தங்கள் ஆறுகள் திசை திருப்பப்படப் போவதைக் கிரீ இளைஞர்கள் செய்தியாகவே தெரிந்துகொண்டனர். நீதிமன்றம் ஏறிப் போராடி 1975இல் ஓர் ஒப்பந்தம் பெற்றார்கள். 1995இல் மூன்றாம் முறையாகவும் தம்மைக் கேளாமல் ஒரு முடிவு வரப்போவதைக் கண்ட அவர்கள், மாகாணத்தின் வாக்கெடுப்புக்கு ஆறு நாள் முன்பாகத் தாமே ஒரு வாக்கெடுப்பு நடத்தினர். கியூபெக்கோடு பிரிந்து செல்லச் சம்மதமில்லை என்றோர் 96 விழுக்காட்டினர். இனூயிட் மக்களும் அவ்வாறே வாக்களித்தனர். கிரீ தலைவர் மத்தேயு கூன் கம் அன்று எழுப்பிய வாதம் எளியது. ‘கனடாவிலிருந்து பிரிய உங்களுக்கு உரிமை உண்டென்றால், உங்களோடு வர மறுக்க எங்களுக்கு ஏன் உரிமையில்லை?’ என்பதே அதன் கருத்து. கனடா பிளவுபடலாம், ஆனால் கியூபெக்கின் எல்லை மட்டும் புனிதமானது என்று கூறிய தேசியவாதிகளால் இதற்கு நேரான விடை தர இயலவில்லை.

1995 அக்டோபர் 30 என்ற நாளுக்கு நம் வரலாற்றிலும் ஓர் இடமுண்டு. சோனகத் தெரு காலியான நாளிலிருந்து சரியாக ஐந்தாண்டு. இலங்கை இராணுவம் நெருங்கி வந்ததால், வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கானோர் அன்றே வெளியேற வேண்டும் என்று புலிகள் அறிவித்தனர். கொட்டும் மழையில், நாவற்குழிப் பாலத்தின் வழியே, முதியோரைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு அவர்கள் தென்மராட்சிக்கு நகர்ந்தனர். இதைச் சுட்டுவது ‘செய்தது திரும்பியது’ என்று மகிழ்வதற்கன்று. அவ்வாறு மகிழ்வோர் நம்மிடையே இருந்தால் அவர்கள் வெட்க வேண்டும். மழையில் நடந்த அந்தத் தாய்மாரையும் யாரும் கேட்கவில்லை என்பதையே சுட்டுகிறோம். சிறியோரைக் கேளாமல் முடிவெடுக்கப் பழகிய அதிகாரம் நாளடைவில் தன் மக்களைக் கேட்பதையும் நிறுத்திவிடுகிறது.

இனி, எதிர்த்தரப்பின் வாதங்களையும் எடைபோடுவோம். சிறுபான்மைக்குள் சிறுபான்மை, அதற்குள் இன்னொன்று என்று போனால் தெருவுக்கொரு நாடு கேட்க வேண்டி வருமே என்பர். கேலியாகச் சொல்லப்பட்டாலும் இது வலுவான வாதம். ஆனால் வடக்கு முஸ்லிம்கள் தனி நாடு கேட்டார்களா? பிரிந்து போகும் உரிமை வேறு. துரத்தப்படாதிருக்கும் உரிமை வேறு. முன்னதற்கு எல்லை வகுக்கலாம். மக்கள்தொகை, நிலப்பரப்பு என்று கணக்குப் பார்க்கலாம். பின்னதற்குக் கணக்கே இல்லை. ஒரே ஒரு குடும்பம் இருந்தாலும் அதற்கு அது உண்டு.

மற்றொரு வாதம் நம்மைச் சற்று நெளியவைப்பது. தலைநகரத்து ஆட்சியாளர் சிறுபான்மையின் குறையைத் தமக்குச் சாதகமாக எடுத்தாள்கின்றனர் என்பது அது. உண்மைதான். கிரீ மக்களின் மறுப்பு ஒட்டாவாவுக்கு இனித்தது. அதே ஒட்டாவா, பூர்வகுடிகளின் உரிமைகள் குறித்த ஐக்கிய நாடுகள் பிரகடனம் 2007இல் வாக்கெடுப்புக்கு வந்தபோது எதிர்த்து வாக்களித்த நான்கு நாடுகளுள் ஒன்றாக இருந்தது. கொழும்பும் அவ்வாறே. தமிழருக்கு எதிரான சாட்சியாக நிறுத்தப் புத்தளத்து அகதியைக் காட்டிய அரசுகள், அந்த அகதிக்கு வீடு கட்டிக் கொடுக்க அதே வேகம் காட்டவில்லை. ஆனால் பகைவன் எடுத்துச் சொன்னான் என்பதற்காக உண்மை பொய்யாகிவிடுமா? பகைவன் கையில் அந்த ஆயுதம் அகப்படாதிருக்க வழி ஒன்றுதான் உண்டு. இயக்கமே அந்த உண்மையை முதலில் சொல்ல வேண்டும். தமிழ்த் தேசியக் கூட்டமைப்பைச் சேர்ந்த சுமந்திரன், வடக்கில் நடந்தது இனச்சுத்திகரிப்பே என்று தம் மக்கள் நடுவே பகிரங்கமாகக் கூறினார். அதற்காக வசவும் வாங்கிக்கொண்டார். அந்த ஒரு சொல் பல தீர்மானங்களுக்கு ஈடானது.

சோனகர் பூர்வகுடிகளோ என்று ஒருவர் கேட்கலாம். கிரீ மக்களுக்கு வழங்கும் பொருளில் அல்லர். இலங்கையில் அப்பெயருக்கு உரியோர் வேடர்களே. அவர்களுள் ஒரு பிரிவினர் வாகரை முதலிய கிழக்குக் கரையோர ஊர்களில் மீன்பிடித்து வாழ்ந்து, தமிழே பேசுகின்றனர். தமிழர் தாயகம், முஸ்லிம் அலகு என்று இரு தரப்பாரும் வரைபடம் விரித்தபோது, போரால் ஊர் ஊராக அலைந்த அந்த வேடர்களை இரு தரப்பாரும் நினைத்ததில்லை. பூர்வகுடி உரிமையின் உட்பொருள் ‘முதலில் வந்தவன் யார்’ என்ற போட்டியன்று என்பதே நம் கருத்து. அந்தப் போட்டியில் இறங்கினால் இராமநாதனுக்கு விடையாக அரபு நாட்டுக்குக் கப்பலேற வேண்டும். கப்பலேறியவனை ‘அங்கேயே போ’ என்று சொல்ல ஒருவன் கரையில் காத்திருப்பான். இந்தியாவில் நமக்கு இது பழகிய அனுபவம். உழுதும் புதைத்தும் பெற்றும் வளர்த்தும் ஒரு மண்ணோடு பிணைந்தவனை அவன் சம்மதமின்றி அகற்றலாகாது. 2007ஆம் ஆண்டுப் பிரகடனத்தின் பத்தாம் பிரிவின் கருத்தும் அதுவே. அந்த நியாயம் யார் முந்தி வந்தார் என்று பார்த்து நிற்பதில்லை.

மயிலைக் கபாலீசுவரர் கோயிலின் தெப்பக்குளம் ஆற்காட்டு நவாபு அளித்த நிலம் என்பது வழிவழிச் செய்தி. முஹர்ரம் நாளில் முஸ்லிம்கள் அக்குளத்தில் இறங்கும் வழக்கமும் அதனோடு சேர்த்துச் சொல்லப்படுகிறது. குளம் யாருக்குச் சொந்தம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆண்டில் ஒரு நாள் மற்றவருக்கும் அதில் ஓர் உரிமை. பெரிய உடைமைக்குள் சிறிய உரிமையை வைத்துப் பார்க்க நம் முன்னோருக்குத் தெரிந்திருந்தது.

கியூபெக்கில் கதை அத்தோடு முடியவில்லை. 2002 பிப்ரவரியில், பிரிவினை கோரும் கட்சியின் அரசே கிரீ மக்களோடு சமமாக அமர்ந்து, ‘வீரர்களின் சமாதானம்’ என்று பெயரிட்ட உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. அதே ஆண்டு ஏப்ரலில், போர்நிறுத்தக் காலத்தில், பிரபாகரனும் முஸ்லிம் காங்கிரஸ் தலைவர் ரவூப் ஹக்கீமும் கிளிநொச்சியில் சந்தித்து, வடக்கு முஸ்லிம்கள் மீள்வதற்கு வழி செய்யும் உடன்பாடு கண்டனர். வெளியேற்றம் தவறென்ற பொருள்பட அன்டன் பாலசிங்கமும் செய்தியாளரிடம் பேசினார். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் முஸ்லிம்களுக்குத் தனித் தரப்பாக இடம் கிடைக்கவில்லை. போர் மீண்டும் மூண்டது. 2009 மே மாதம் எல்லாம் முடிந்தது.

மீண்டு சென்றவர்கள் கண்டதென்ன? சோனகத் தெருவில் கூரையும் கதவும் பெயர்க்கப்பட்ட சுவர்கள். சிலாபத்துறையில் கடற்படை முகாம். முசலிப் பகுதியில் இருபது ஆண்டில் வளர்ந்துவிட்ட காடு. அதன் பல பகுதிகள் 2012இல் ஒதுக்குவனமாக அறிவிக்கப்பட்டன. தம் பாட்டனார் உழுத வயலில் புதர் வெட்டியவர்களைக் காடழிப்போர் என்று தெற்கின் தேசியவாதிகள் தூற்றினர். வடக்கின் தேசியம் துரத்தியது. தெற்கின் தேசியம் திரும்ப விடவில்லை.

இலங்கைச் சட்டப்படி, பிறர் நிலத்தைப் பத்தாண்டு தடையின்றி அனுபவித்தவர் அதற்கு உரிமை கோரலாம். போரால் துரத்தப்பட்டவனுக்கும் இந்தப் பத்தாண்டு ஓடிக்கொண்டிருக்குமா என்பது பல்லாண்டு விடை காணாத கேள்வியாக இருந்தது. 2016இல் நாடாளுமன்றம் ஒரு சிறப்புச் சட்டம் இயற்றி, 1983 மே முதல் 2009 மே வரை போரின் காரணமாகத் தம் நிலத்தை அணுக முடியாதிருந்தோருக்கு எதிராக அக்காலம் கணக்கிடப்படாது என்று விதித்தது. காலக்கெடுவோடு கூடிய, பலருக்கு எட்டாத சட்டந்தான். யாழ்ப்பாணத்தில் நிலப் பத்திரத்தை ‘உறுதி’ என்பார்கள். ஓர் உறுதி சோனகத் தெருவிலிருந்து இரண்டு மணி நேர அவகாசத்தில் மடியில் செருகிக்கொண்டு புத்தளம் வந்தது. மற்றொன்று மழையில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்தது. இரண்டையும் ஒரே மேசையில் வைத்துப் பார்க்க அச்சட்டம் இடமளித்தது.